ஜெர்மனியில் இன்டக்ரேஷன் கோர்ஸ்: குடும்ப விசாவில் வருபவர்கள் சேரலாமா?

சேரலாம். வந்த சூட்டோடு சேருங்கள். புதிதாகக் குடியேறுபவர்களுக்கு ஜெர்மன் மொழியையும் நாட்டைப் பற்றிய அடிப்படைகளையும் கற்றுத்தரும் அரசு மானியப் படிப்பு இது.

ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவர்களுக்கான வேலை அனுமதி) வேலைக்கு வருபவரின் மனைவிக்கோ கணவருக்கோ விசா வாங்க ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) சான்றிதழ் தேவையில்லை. அதனால் நம்மில் பலர் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல்தான் விமானம் ஏறுகிறோம். கணவரின் ஆபீஸில் ஆங்கிலம் ஓடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தால் ஓடாது. நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவள். சம்பளம், வரி எல்லாம் என் கையில் இருந்தது. 2023-ல் ஸ்டுட்கார்ட் வந்ததும் டெர்மின் (அப்பாயின்ட்மென்ட்) கேட்பதற்குக்கூட அவர் மீட்டிங் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈழத்தமிழர் கடையில் அரிசி வாங்கும்போது அந்த அக்காதான் சொன்னார்: "தங்கச்சி, முதல்ல டொச் படியுங்கோ. இங்கிலீஷை நம்பி இருந்தா வீட்டுக்குள்ளயே இருந்திடுவியள்." டொச் என்றால் ஜெர்மன்.

கோர்ஸை நடத்துவது உள்ளூர் மொழிப்பள்ளிகள். பாடத்திட்டமும் மானியமும் பாம்ஃப் என்கிற மத்திய குடியேற்ற அலுவலகத்தினுடையவை. வழக்கமான கோர்ஸில் மொழிக்கு 600 வகுப்புகள், நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றி 100 வகுப்புகள். ஒரு வகுப்பு 45 நிமிடம். நான் சேர்ந்தபோது வகுப்புக்கு 2.29 யூரோ, நூறு வகுப்புகளுக்கு ஒருமுறை 229 யூரோ முன்பணமாகக் கட்ட வேண்டும். மொத்தம் 1,603 யூரோ, புத்தகங்கள் தனி. மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தனியார் வகுப்புகளில் விசாரித்துவிட்டு வந்தால் இதன் அருமை புரியும். குடும்ப விசாவில் வந்தவர்களுக்குச் சேரும் உரிமை, வதிவிட அட்டை கிடைத்து ஓராண்டுக்குள் காலாவதியாகிவிடும். "குழந்தை கிண்டர்கார்டன் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வகுப்பில் முதல் நாளிலிருந்தே ஜெர்மன் மட்டும்தான். உக்ரைன், சிரியா, துருக்கி, எரித்ரியா என்று ஆளுக்கொரு நாடு. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. இடைவேளையில் ஒரு காபி கேட்கவும் ஜெர்மன்தான் துணை. எங்களுக்கு முதலில் வந்த ஆசிரியை ஒரு பயிற்சி வைத்திருந்தார். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு இருவரை உட்காரவைப்பார். ஒருவர் கிளினிக் வரவேற்பாளர், இன்னொருவர் நோயாளி. முகம் தெரியாது, உதடு தெரியாது, கை ஜாடை உதவாது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும், பிறந்த தேதி சொல்ல வேண்டும், செவ்வாய் முடியாது, வியாழன் காலை முடியுமா என்று பேரம் பேச வேண்டும். புரியாவிட்டால் மறுபடி கேட்கவும் ஜெர்மனில்தான் கேட்க வேண்டும். எனக்குக் கை வியர்த்துவிடும். ஆனால் மகளுக்கு நானே போன் செய்து டெர்மின் வாங்கிய அன்று, அந்த நாற்காலிப் பேச்சு அப்படியே வாயில் வந்தது. எந்த ஆப்பிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

இலக்கணத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும். உக்ரைன்காரர்கள் அதில் திணற, எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பொருள்களின் பால்தான் படுத்தும். நமக்குக் கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாமே அஃறிணை. அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. மனப்பாடம்தான், வேறு வழி இல்லை.

குறைகளும் உண்டு. நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். நடுவில் ஆசிரியை மாறினார். புதிதாக வந்தவர் புத்தகத்தின் பக்கங்களை முடிப்பதிலேயே குறியாக இருந்தார். பேச்சுப் பயிற்சி அடியோடு குறைந்தது. லத்தீன் எழுத்தையே அப்போதுதான் பழகிய ஒரு பெண்ணை எங்களோடு உட்காரவைத்தார்கள். எழுதப் படிக்கத் தொடங்குபவர்களுக்கென்றே தனி கோர்ஸ் இருக்கும்போது அது அவருக்குச் செய்த அநியாயம். அதனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே படித்தவர்களிடம், ஆசிரியர்கள் நிலைக்கிறார்களா, தகுதித் தேர்வை ஒழுங்காக வைத்துத்தான் வகுப்பு பிரிக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசியில் இரண்டு தேர்வுகள். மொழித் தேர்வில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு. பேச்சில் கட்டாயம் பி1, அதாவது இடைநிலை, வர வேண்டும். அதோடு எழுத்திலோ, கேட்டலும் வாசிப்பும் சேர்ந்த பகுதியிலோ பி1 வந்தால் மொத்தமாக பி1 கிடைக்கும். ஆகவே பேசிப் பழகியவர்கள் பயப்பட வேண்டாம். இரண்டாவது, நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய தேர்வு. அதற்கு 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் 300 நாடு முழுமைக்கும் பொது, 10 நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்கு. கேட்பது 33, தேற 15 சரியாக இருந்தால் போதும். குடியுரிமைக்கு 17 வேண்டும் என்பதால் அதையே குறிவையுங்கள்.

இந்தக் கோர்ஸுக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. இதை முடித்ததும் கணக்கு வேலை கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் துறையில் நான் பார்த்த விளம்பரங்கள் பெரும்பாலும் பி1-க்கு அடுத்த நிலையான பி2-வோ அதற்கு மேலோதான் கேட்கின்றன. நானும் இப்போது பி2 படிக்கிறேன். அதற்குத் தேவையான அடித்தளமும், தனியாக வெளியே போய் வரும் துணிச்சலும் இங்கேதான் கிடைத்தன.

நான் சேர்ந்தபோது, கோர்ஸில் சேர அனுமதி கிடைத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு தேர்வுகளிலும் தேறினால் கட்டிய கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும் என்று இருந்தது. தானாக வராது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கட்டணமும் சேர்க்கை விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், சேரும் முன் பாம்ஃப் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.