புல்தரை: விதைப்பதா, பாயாக விரிப்பதா?

எதைத் தேர்ந்தாலும் மண்வேலை ஒன்றுதான். களையை வேரோடு எடுத்து, 10 முதல் 15 செ.மீ. ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் பார்த்தாக வேண்டும். புல்பாய் (வேரோடும் மண்ணோடும் வெட்டிச் சுருட்டித் தரும் வளர்ந்த புல்) பள்ளத்தை மறைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு முதல் மழையே பாடம் எடுத்துவிடும்.

விதைக்குச் செலவு குறைவு, ரகமும் நம் விருப்பம். நிழலுக்கு ஒன்று, பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு வேறொன்று எனப் பிரித்தும் தூவலாம். ஆனால் பொறுமை வேண்டும். முளைக்க ரகத்தைப் பொறுத்து 1 முதல் 3 வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயவே கூடாது; வெயில் நாளில் இரண்டு மூன்று முறை பூவாளியைத் தூக்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் குருவிகள் விருந்துக்கு வரும், களையும் கூடவே தலைகாட்டும்.

புல்பாய் விரித்த அன்றே பச்சை. அந்தப் பச்சை சற்றே ஏமாற்றுக்காரப் பச்சை: வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. சுருட்டியபடி விட்டால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும் என்பதால், வந்த நாளே விரிக்க வேண்டும். செங்கல் சுவர்போல இணைப்புகளை முன்பின் தள்ளி அடுக்கி, அடிமண் நனையத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்; வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது.

சரிவான நிலமென்றால் தயங்காமல் பாய்தான், விதை மழையில் வழிந்தோடிவிடும். சமதளமான பெரிய இடத்துக்கு நான் விதையையே எடுப்பேன். அருகம்புல் என்றால் இரண்டுமே தேவையில்லை. கணுவுள்ள தண்டுத் துண்டுகளை நட்டாலே படர்ந்துவிடும்.