வெப்சைட் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: டேபிளில் (கட்டம் போட்ட அட்டவணையில்) கட்டித் தந்து ஏமாற்றுகிறார்கள்

அக்கா வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறாள். அவளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன், போனில் அருமையாகத் தெரியும் என்று சொல்லி ஒருவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். முடித்ததும் அவருடைய லேப்டாப்பில் திறந்து காட்டினார், பளிச்சென்றுதான் இருந்தது. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். பெரிதாக்கி, பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் படிக்க முடிந்தது.

கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் யூ அழுத்தி, பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கும் நிரலை, அதாவது கோடு (code) என்பதைப் பார்த்தேன். 900 பிக்சல் (திரைப் புள்ளி) அகலத்தில் ஒரு டேபிள், அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. இடைவெளிக்கு ஒரு பிக்சல் ஜிஃப் படங்கள். நிறமும் எழுத்தளவும் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக எழுதியிருந்தார். நிறத்தை மாற்றச் சொன்னால் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்! நிறம், எழுத்தளவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கும் ஸ்டைல்ஷீட் இருந்தால் அது ஒரே ஃபைலில் ஒரு வரி வேலை.

பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து விலை புரியவில்லை என்றார். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மேல் வரிசையில் மூன்று பெயர்கள், கீழ் வரிசையில் மூன்று விலைகள். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், கோடில் உள்ள வரிசைப்படி "மாங்காய், எலுமிச்சை, பூண்டு, 180, 150, 220" என்று வாசிக்கிறது. எது எதன் விலை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெப்சைட் செய்தவரிடம் கேட்டதற்கு, "டேபிள்ல செஞ்சாதான் சார் எல்லா பிரவுசர்லயும் ஒரே மாதிரி வரும்" என்றார். தொண்ணூறுகளின் பிரவுசரான நெட்ஸ்கேப் 4 காலத்தில் அது நியாயமான பேச்சு. ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ் 1996-லேயே வந்துவிட்டாலும் அன்றைய பிரவுசர்கள் அதைச் சரியாகக் காட்டவில்லை. இன்று அப்படியில்லை. டேபிள் இல்லாமலே பக்கத்தை அடுக்க சிஎஸ்எஸ்ஸில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் இருக்கிறது, அதேபோல் கிரிட் 2017-லேயே குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது.

டேபிளே கூடாது என்று சொல்லவில்லை. விலைப்பட்டியலுக்கு, தலைப்பு வரிசையோடு ஒழுங்காகப் போட்டால், அதுதான் சரி. மெயிலில் அனுப்பும் விளம்பரத்துக்கும் டேபிள் வேண்டியிருக்கிறது. விண்டோஸின் பழைய அவுட்லுக் மெயில் ஆப், 2007 முதல், மெயிலை பிரவுசர் போல இல்லாமல் மைக்ரோசாஃப்ட் வேர்டின் இஞ்சினை வைத்துத்தான் காட்டுகிறது; அதில் ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் வேலை செய்யாது. ஆனால் முழுப் பக்கத்தையும் டேபிளில் கட்டுவது வேறு கதை.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். இப்போது வேறொருவர் முதலிலிருந்து செய்கிறார். நீங்கள் கடைசித் தவணை கொடுக்கும் முன் உங்கள் சொந்த போனில் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் பிரவுசர் ஜன்னலை ஓரத்தைப் பிடித்துக் குறுக்குங்கள். எழுத்து மடங்கிக் கீழே இறங்காமல், பக்கவாட்டில் உருட்டும் பட்டை வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.