துருப்பிடிக்காத எஃகுக்கு அம்மோனியா வாயுவா, பிளாஸ்மாவா?

மதுரை அருகே கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் பம்ப் ஸ்லீவ், பல்சக்கரம், ரப்பர் மோல்டு செய்பவர்களுக்கு, தேய்மானம் தாங்க மேற்பரப்பை நைட்ரைடிங் செய்யும் (எஃகுக்குள் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும்) கட்டத்தில் பெரும்பாலும் அம்மோனியா வாயு, பிளாஸ்மா என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. சயனைடு கலந்த உருகிய உப்பில் பொருளை அமிழ்த்தும் உப்புக்குளியல் விரைவானதுதான். ஆனால் அதன் கழிவை நினைத்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேஸ் நைட்ரைடிங்கில் 500 முதல் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய எஃகின் மேல் அம்மோனியா சிதைந்து, நைட்ரஜன் அணுக்கள் மெல்ல உள்ளே இறங்குகின்றன. அரை மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமானால் இரண்டு நாளாவது உலை எரிய வேண்டும். பிளாஸ்மா முறையிலோ காற்று உறிஞ்சப்பட்ட கலனில் சில மில்லிபார் அழுத்தத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இருக்க, பொருளையே எதிர்மின்வாயாக்கிச் சில நூறு வோல்ட் கொடுத்து, அந்த வாயுவை அயனிகள் நிறைந்த பிளாஸ்மாவாக்குகிறார்கள். கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்தால், சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஊதா ஒளி உறைபோல் மூடியிருக்கும். அந்த ஒளிக்குள் விரைந்து வந்து மோதும் அயனிகள் மேற்பரப்பு அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன.

துருப்பிடிக்காத எஃகில் இந்தப் பெயர்த்தெறிதல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் அம்மோனியாவைத் தடுத்துவிடும். அயனிகளோ அதை அரித்து வழி திறந்துவிடும். எனினும் வெப்பநிலையைக் கவனிக்காவிட்டால் பிளாஸ்மாவும் கெடுதலே செய்யும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் ஒன்றை வெளியே கொடுத்து 550 டிகிரியில் செய்து வாங்கினேன். கடினம் நன்றாகவே வந்தது, ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரில் சில வாரங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்து குரோமியம் நைட்ரைடாகிவிட்டதே காரணம். 420 டிகிரியைத் தாண்டாமல் செய்திருந்தால், நைட்ரஜன் படிகத்துக்குள்ளேயே கரைந்து நின்று, கடினமும் துரு எதிர்ப்பும் ஒருசேரக் கிடைத்திருக்கும்.

மேலே படியும் நொறுங்கக்கூடிய வெள்ளை அடுக்கையும் பிளாஸ்மாவில் நைட்ரஜன் விகிதத்தைக் குறைத்து மெலிதாக்கலாம். பல்சக்கரத்துக்கு இது பெரிய நன்மை. கடினம் வேண்டாத இடத்தை ஓர் இரும்பு மூடியால் மறைத்தால் போதும், வாயு முறைக்கோ செம்பு முலாமோ தடுப்புப் பூச்சோ தேவைப்படும்.

ஆனால் குறுகிய ஆழமான துளைகள் உள்ள மோல்டை நான் வாயு உலைக்கே அனுப்புவேன். பிளாஸ்மாவில் அத்தகைய துளைக்குள் ஒளி நெரிந்து, சுற்றியுள்ள பரப்பைவிடப் பளிச்சென்று எரிந்து, அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும். வெவ்வேறு அளவுள்ள சாதாரண அலாய் எஃகுப் பாகங்களை ஒரே சுமையாக ஏற்றுவதற்கும் அம்மோனியாவே தோதானது. துருப்பிடிக்காத ஸ்லீவுக்கு மட்டும் பிளாஸ்மா என்றும், 420 டிகிரிக்கு மேல் கூடாது என்றும் வேலை ஆணையிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.