அக்ரெடிட்டேஷனுக்குப் போன 16 மாதங்கள்

குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் தர மேம்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கிறேன். பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து கவனிப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய இல்லமும் நடத்துகிறோம். அக்ரெடிட்டேஷனுக்கு, அதாவது வெளி அமைப்பு ஒன்று எங்கள் தரத்தை ஆய்வு செய்து தரும் அங்கீகாரத்துக்கு, விண்ணப்பித்து முடிவு கைக்கு வர 16 மாதம் ஆனது. "போட்ட பணத்துக்கும் உழைப்புக்கும் தகுமா?" என்று துறையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். தகும் என்றுதான் சொல்வேன். ஆனால் சுவரில் மாட்டிய சான்றிதழை வைத்துச் சொல்லவில்லை.

உரிமம் இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். உரிமம் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அக்ரெடிட்டேஷன் பெரும்பாலும் நாமாகப் போய், வெளியாள் ஒருவரிடம் நம்மைத் திறந்து காட்டுவது. பணம் எப்படிக் கையாளப்படுகிறது, பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஊழியரான கேஸ் வொர்க்கர் ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், மேற்பார்வையாளர் அவரோடு எப்போது உட்கார்ந்து பேசுகிறார் என்று எல்லாமே வெளியே வரும். அக்ரெடிட்டேஷன் தரும் அமைப்புகளில் இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று: 1951-இல் தொடங்கிய ஜாயிண்ட் கமிஷன், 1966-இல் வந்த கார்ஃப், 1977-இல் உருவான சிஓஏ. மூன்றுமே அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே 2018-இல் வந்த ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டப்படி, தகுதி பெற்ற சிகிச்சை இல்லம் என்று கணக்கில் வர உரிமம் மட்டும் போதாது, அக்ரெடிட்டேஷனும் வேண்டும். நாங்கள் எந்த அமைப்பிடம் போனோம் என்பதை விட்டுவிடுகிறேன். முதலில் நம்மை நாமே மதிப்பிட்டு ஆதாரத்தோடு அனுப்புவது, பிறகு ஆய்வாளர்கள் நேரில் வருவது, கடைசியில் முடிவு என்ற வரிசை எங்கே போனாலும் ஏறக்குறைய இதுதான்.

எங்களுக்கு அதிகம் கொடுத்தது அந்த முதல் கட்டம்தான். ஒவ்வொரு தரநிலைக்கும் 1 முதல் 4 வரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 1 என்றால் முழுமை, 4 என்றால் மோசம். பராமரிப்பைத் திட்டமிடுவதில் குழந்தையின் பங்கு என்ற தரநிலைக்கு யோசிக்காமல் 1 போட்டேன். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு நானே அதைப் பாடமாக எடுத்தவள்.

ஆதாரம் வேண்டுமே என்று ஒரு சனிக்கிழமை, நானும் ஒரு கேஸ் வொர்க்கரும் 20 ஃபைல்களைப் பிரித்து உட்கார்ந்தோம். 'குழந்தையின் கருத்து' என்ற கட்டத்தில் 11 ஃபைல்களில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தது. கைக்குழந்தை என்றால் சரி. ஆனால் ஒரு ஃபைல் 14 வயதுப் பையனுடையது. மூன்று திட்டக் கூட்டம், மூன்றிலும் 'பொருந்தாது'. எழுதியது என் பக்கத்தில் இருந்தவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைக்கிறோம் அக்கா. அப்போது அவன் பள்ளியில் இருப்பான்" என்றார்.

அந்த நேரத்தை முடிவு செய்தது நான். பெரியவர்கள் எல்லோருக்கும் தோதான நேரம் அது. மறுவாரமே மாலை ஐந்தரைக்கு மாற்றினோம். முதல் கூட்டத்தில் அந்தப் பையன் கேட்டது ஒன்றே ஒன்று. வேறொரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் தங்கை தூங்கப் போகும் முன் தினமும் அவளோடு போனில் பேச வேண்டும். இரண்டு குடும்பமும் உடனே ஒத்துக்கொண்டன. அவனிடம் யாரும் கேட்டிராததால்தான் அதுவரை நடக்கவில்லை.

கன்சல்டன்ட் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்தில் ஒருவரை அமர்த்தினோம். தயார் நிலையில் ஒரு கொள்கைக் கையேடு கொடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் இன்னொரு அமைப்பின் பெயர் அப்படியே இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். பிள்ளை கட்டுக்கடங்காமல் போனால் பயிற்சி பெற்ற ஊழியர் பிடித்து அழுத்தலாம் என்று ஒரு பத்தி இருந்தது. எங்கள் இல்லத்தில் அதற்கு முற்றிலும் தடை. ஒரு இரவுப் பணியாளர் படித்துப் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம். அதன்பிறகு கையேட்டை நாங்களே எழுதினோம், நான்கு மாதம் பிடித்தது.

நேரடி ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள், மூன்று நாள். இருவருமே வேறு அமைப்புகளில் இதே வேலை பார்ப்பவர்கள். அதனால் எதை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இல்லத்தின் புகார்ப் பெட்டி முன் நின்று ஒருவர் சாவி கேட்டார். தேடி எடுக்க இருபது நிமிடம் ஆனது. உள்ளே ஒன்றுமில்லை. பெட்டி மாட்டியிருந்த இடம் காப்பாளரின் மேசைக்கு நேர் எதிரே. "இவர் பார்க்க யார் போடுவார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். புகார் முறைக்கு நாங்கள் போட்டிருந்த 1 அவர் அறிக்கையில் 3 ஆனது. முடிவுக்கு முன் சரிசெய்ய அவகாசம் தந்தார்கள். இப்போது பெட்டி குளியலறை நடையில் இருக்கிறது. இல்லத்தில் வேலை செய்யாத இருவர் வாரம் ஒருமுறை திறக்கிறார்கள். சீட்டுகள் வருகின்றன.

குறை என்றால் காகித வேலை. ஒரே ஆவணத்தை வெவ்வேறு தரநிலைகளுக்காகத் திரும்பத் திரும்பப் பதிவேற்றினோம். கடைசி இரண்டு மாதம் கேஸ் வொர்க்கர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நேரம் குறைந்தது. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆவண வேலைக்கென்று தனியாக ஒரு ஆளை ஒதுக்க முடியாத சிறிய அமைப்பு, அப்படி ஒதுக்க முடிகிற வரை காத்திருப்பதே நல்லது. நன்கொடையாளர்களிடம் இந்தத் தேதிக்குள் சான்றிதழ் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்காதீர்கள். அப்புறம் ஃபைலில் எழுதாததை எழுதச் சொல்லும் அழுத்தம் வரும்.

சான்றிதழ் இருப்பதால் அங்கே எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நடக்காது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வாளர்கள் பார்த்தது மூன்று நாள். எங்களுக்குக் கிடைத்திருப்பது நான்கு ஆண்டுக்கு, இடையில் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையை நான் விரும்பியே செய்கிறேன். 'பொருந்தாது' எத்தனை என்று எண்ண அது ஒரு காரணம் தருகிறது.

யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பாதி வேலையைத் தொடங்கலாம். சிஓஏவின் தரநிலைகள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஃபைல்களில் 20-ஐ எழுதியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அவர்கள் இல்லாமல் பார்த்திருந்தால் எனக்கு அந்தப் பதினோரு மணி விஷயம் தெரிந்தே இருக்காது.