குன்னூர் இலையில் ஐஸ் டீ: ஈரோட்டு வெயிலில் இரண்டு மாதம் போட்டுப் பார்த்தேன்

எங்கள் வீடு ஈரோட்டில், மாடி வீடு. ஏப்ரல் பிறந்தால் போதும், மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து டீ போட யாருக்கும் மனசு வராது. டீ இல்லாமலும் எங்கள் வீட்டில் பொழுது போகாது. அதனால் இந்தக் கோடையில் பழம் சேர்த்த ஐஸ் டீயை வீட்டிலேயே ஒழுங்காகப் போட்டுப் பழகிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்காகக் குன்னூரில் வாங்கிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையைப் பற்றித்தான், அதாவது நசுக்காமல் சுருட்டிக் காயவைத்த இலையைப் பற்றித்தான், இங்கே எழுதுகிறேன். இரண்டு மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் போட்டுவிட்டேன், முதல் பாக்கெட் காலி, இரண்டாவது பாதியில் இருக்கிறது.

போன வருஷம் கடையில் விற்கிற ஐஸ் டீ பொடியை வாங்கினோம், பீச் சுவை. தண்ணீரில் கலக்கினால் ஆயிற்று, வேலை சுலபம். பிள்ளைகள் விரும்பிக் குடித்தார்கள். ஒரு நாள் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். நம் நாட்டு விதிப்படி எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். முதல் பெயர் சர்க்கரை. தேயிலைச் சாறு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பழம் என்று எதுவுமே இல்லை, பழ வாசனை எசென்ஸ்தான். ஒரு டம்ளருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் போடச் சொல்கிறார்கள், அவ்வளவும் ஏறக்குறைய சர்க்கரை. அத்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கிற வீட்டில் இதை எப்படி வைத்துக்கொள்வது? அதோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் வீட்டில் இருந்த டீத்தூளிலேயே போட்டுப் பார்த்தேன். நாம் பால் டீக்குப் போடுகிற டஸ்ட். ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தால் சேற்றுத்தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. நாக்கில் ஒரு துவர்ப்பு, தொண்டை வரை இழுத்துப் பிடித்தது. எலுமிச்சை பிழிந்தும் தேறவில்லை.

இந்த ஏப்ரல் முதல் வாரம் குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மார்க்கெட் பக்கம் ஒரு சிறிய தேயிலைக் கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் வயதானவர். பதில் ஒன்றும் சொல்லாமல், கல்லாவுக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்த ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தார். பால் சேர்க்காத டீ. "காலைல எட்டு மணிக்குப் போட்டதும்மா" என்றார். அப்போது மணி பன்னிரண்டு. குன்னூர்க் குளிரில் டீ சில்லென்று ஆறிப்போயிருந்தது. டம்ளருக்குப் பின்னால் இருந்த விலைப்பட்டியலின் எழுத்து அதன் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் வருமே, அந்த நிறம். "கலங்காத இலையா வேணும்னு கேளுங்க. முழு இலை, ஆர்த்தடாக்ஸ்னு பாக்கெட்ல போட்டிருக்கணும்" என்று சொல்லிக் கால் கிலோ கட்டிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய்.

காரணத்தை அக்கா வீட்டுக்காரர் விளக்கினார். மாமா பல வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டீ ஆறும்போது அதிலுள்ள துவர்ப்புச் சத்துகளும் காஃபினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நுண்ணிய துகளாகப் பிரிந்துவிடும். அதுதான் கலங்கல். நாம் பால் டீக்குப் போடுகிற டஸ்ட் சி.டி.சி. முறையில் வருவது, அதில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி மணியாக்குகிறார்கள். அதில் சாறு சட்டென்று, கெட்டியாக இறங்கும். பாலுக்கு அதுதான் பொருத்தம், பால் அந்தத் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆர்த்தடாக்ஸில் இலையை அவ்வளவு வதைக்காமல் சுருட்டிக் காயவைக்கிறார்கள். சாறு மெதுவாக இறங்கும், வாசனை நிற்கும். இதிலும் நீலகிரி இலைக்கு ஆறினாலும் தெளிவாக நிற்கிற குணம் இயல்பிலேயே உண்டு, அதனால் ஐஸ் டீ தயாரிக்கிறவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள் என்றார் மாமா. அமெரிக்காவில் 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில்தான் ஐஸ் டீ பெரிய அளவில் பிரபலமானது. அங்கே அதை ஊற்றிக் கொடுத்தவராகச் சொல்லப்படும் ரிச்சர்ட் பிளெச்சிண்டன், நம் இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யப் போனவர். ஆனால் தேயிலை விளைகிற மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் பீச் எசென்ஸ் பொடி வாங்கிக்கொண்டிருந்தோம். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இலை நன்றாக இருந்தும் ஊருக்கு வந்து போட்ட முதல் தடவை சரியாக வரவில்லை. காரணம் தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதில் போட்ட டீயின் மேல் எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு ஆடை கட்டியது, நிறமும் மங்கலாகப் பழுப்படித்தது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் எந்த இலையாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். மறுநாள் குடிக்கிற காவிரித் தண்ணீரில் போட்டேன். குன்னூர்க் கடையில் பார்த்த அதே செம்பு நிறம் வந்தது. உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வடிகட்டிய தண்ணீரில் போடுங்கள், ஐஸ் கட்டிக்கும் அதே தண்ணீர்தான். டீ தெளிவாக இருந்து, ஐஸ் உப்புத்தண்ணீரில் செய்ததாக இருந்தால் பத்து நிமிஷத்தில் சுவை கெட்டுவிடும்.

போடும் முறைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் இலை. தராசு இல்லாவிட்டால் தலைதட்டி ஐந்து டீஸ்பூன். ராத்திரி பத்து மணிக்குப் பச்சைத்தண்ணீரில் இலையைப் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு வடிகட்டுவேன். அடுப்பே வேண்டாம். கொதிக்கவைத்த டீயைவிட இதில் துவர்ப்பு நன்றாகக் குறைந்துவிடும், சர்க்கரையும் பாதி போதும். வடிகட்டும்போது இலையை ஸ்பூனால் அழுத்திப் பிழியாதீர்கள். பிழிந்தால் கடைசியில் வருகிற அந்த நாலு சொட்டில்தான் கசப்பு இருக்கிறது. ஊற வைப்பதை ஃபிரிட்ஜுக்கு வெளியே, அதுவும் நம் ஊர் வெயிலில் செய்ய வேண்டாம், கெட்டுப்போகும். போட்டதை இரண்டு நாளில் குடித்து முடித்துவிடுவோம்.

திடீரென்று விருந்தாளி வந்தால் சூடான முறை. அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் இறக்கி, பத்து கிராம் இலை போட்டு நான்கு நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுவேன். மேடையிலேயே ஆறவிட்டு, பிறகு அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர் சேர்ப்பேன். சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த இலையிலும் லேசாகக் கலங்கல் வருகிறது. வந்தால் கொஞ்சம் கொதிக்கிற தண்ணீர் விட்டால் தெளியும்.

இனி பழம். எலுமிச்சையில் ஆரம்பித்தேன். கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றி, வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். சாறு விழுந்த இடத்தில் முதலில் ஒரு வெளிர் புகை மாதிரி கீழே இறங்கும். அப்படியே பரவி, செம்பு நிறம் முழுக்கத் தேன் நிறமாக மாறிவிடும். டீயின் நிறச்சத்துக்குப் புளிப்பு பட்டால் நிறம் வெளுக்கும், அதுதான் விஷயம். சின்னவன் இதைப் பார்ப்பதற்காகவே தினமும் தான் பிழிவதாகச் சொல்லி வந்து நிற்கிறான்.

அத்தைக்கு முதலில் இது பிடிபடவில்லை. "ஏங்கண்ணு, வரட்டீல எலுமிச்சம்பழம் புழிஞ்சு வவுத்தால போறவங்கதான் குடிப்பாங்க. நல்லா இருக்கறவங்க எதுக்குக் குடிக்கோணும்?" என்று கேட்டார். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்கத்தை" என்று சர்க்கரை இல்லாமல், நாலு புதினா இலை கசக்கிப் போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மறுநாள் மூன்றரை மணிக்கு அவரே ஃபிரிட்ஜைத் திறந்து ஜக்கை எடுத்தார்.

ஆனால் இந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் பிளம்ஸ்தான். மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும். அதையொட்டி மலையில் பிளம்ஸும் பீச்சும் பழுக்கத் தொடங்கிவிடும். அக்கா பஸ்ஸில் ஒரு பை கொடுத்து அனுப்பினாள். மலைப் பிளம்ஸ் சிறியது, தோலில் வெள்ளைச் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், துடைத்தால் கருஞ்சிவப்பு மினுங்கும். உள்ளே சதை மஞ்சள். அரைக் கிலோவைக் கழுவி, தோலோடு நான்காக வெட்டி, 150 கிராம் சர்க்கரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்துச் சிறு தீயில் வைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் பாகு மங்கல் மஞ்சளாகத்தான் இருந்தது. தோல் சுருண்டு சதையை விட்டுப் பிரிய ஆரம்பித்ததும் நிறம் இறங்கியது. பன்னிரண்டாவது நிமிஷம் மாதுளைச் சாறு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் புளிப்பும் நிறமும் தோலில்தான் இருக்கிறது, தயவுசெய்து உரித்துவிடாதீர்கள். ஆறவைத்து வடிகட்டிப் பாட்டிலில் வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். ஒரு டம்ளர் டீக்கு மூன்று மேசைக்கரண்டி பாகு. இந்த இலையின் வாசனையில் லேசாக ஒரு பூ மணம் இருக்கிறது. பிளம்ஸின் புளிப்பு அதை அமுக்காமல் மேலே தூக்கி விடுகிறது. குடித்து முடித்த பிறகும் வாயில் டீதான் நிற்கிறது. பழ டீ என்றால் இப்படி இருக்க வேண்டும், பழம் டீயை விழுங்கிவிடக் கூடாது.

மாம்பழத்தில் அதுதான் நடந்தது. பங்கனப்பள்ளிக் கூழைக் கலந்தேன். கனமாக அடியில் தங்கியது, கலக்கினால் டீ எங்கே போனது என்றே தெரியவில்லை. அதற்குப் பதில் மாம்பழ ஜூஸே குடித்துவிடலாம். அரைப்பழமாக இருக்கிற கிளிமூக்கு மாங்காயை வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்தபோது நன்றாக இருந்தது. தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பழத்தை வெட்டி, விதையோடு சுரண்டி ஜக்கில் போட்டால் வீடே மணக்கும், பிளம்ஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். சாத்துக்குடியைக் குடிக்கிற நேரத்தில்தான் பிழிய வேண்டும். காலையில் பிழிந்து கலந்து வைத்தது மதியத்துக்குள் கசந்துவிட்டது. தர்பூசணி வேண்டாம், தண்ணீரில் தண்ணீர் கலந்த மாதிரிதான்.

சர்க்கரை குளிர்ந்த டீயில் சட்டென்று கரையாது என்பதால் பாகு காய்ச்சி வைத்துக்கொள்கிறேன். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையிலும் செய்து பார்த்தேன். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்த டீக்கு அருமையாகப் பொருந்தியது, கிட்டத்தட்டப் பானகம் மாதிரி. பிளம்ஸுக்கு ஒத்துவரவில்லை, நிறம் கறுத்துவிட்டது. மீதி இருக்கிற டீயை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் ஐஸ் உருகினாலும் டீ நீர்த்துப்போகாது. இதைப் பெரியவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

பாத்திரம் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கண்ணாடி ஜாடியில் சூடான டீயை ஊற்றினேன், அடி விண்டு மேடையெல்லாம் டீ. சூடு தாங்குகிற கண்ணாடி ஜக் இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரமே போதும்.

கணக்குப் பார்த்தால், கால் கிலோவில் 25 லிட்டர் போடலாம். லிட்டருக்கு 12 ரூபாய், நான்கு டம்ளர் என்று வைத்தால் ஒரு டம்ளருக்கு இலைச் செலவு மூன்று ரூபாய். ஊற வைத்த இலை ரோஜாத் தொட்டிக்குப் போகிறது.

குறை என்று சொன்னால் இரண்டு. பாக்கெட்டைத் திறந்தால் திரும்ப மூட வழி இல்லை, வந்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் மாற்ற வேண்டியிருந்தது. அடியில் தங்குகிற உடைந்த தூளைத் தனியாகச் சலித்து எடுத்தால்தான் கடைசி இரண்டு மூன்று தடவையும் தெளிவாக வருகிறது. பால் டீக்கு என்று மட்டும் இதை வாங்காதீர்கள். ஒரு நாள் அவசரத்துக்குப் போட்டேன், பாலில் இந்த இலை இருந்த இடமே தெரியவில்லை. அதற்கு நம் டஸ்ட்தான் சரி. எங்கள் அலமாரியில் இப்போது இரண்டு டப்பா இருக்கிறது. காலைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று.