உபுண்டுவை நீக்கக் கொடுத்தேன். "ஹார்டு டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லிப் புதியதை விற்றுவிட்டார்கள்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருந்து, இனி ஒன்று போதும் என்று நினைப்பவர்கள், அந்த வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன். நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்பவர்கள் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும் என்பதால், பெயரைவிட நடந்த விதம் தெரிவதே உங்களுக்குப் பயன்படும்.

என் மடிக்கணினியில் 1 டி.பி. ஹார்டு டிஸ்க் இருந்தது. அதில் முதலில் வந்த விண்டோஸ் 10, பிறகு நான் நிறுவிய உபுண்டு என்ற லினக்ஸ் வகை. உபுண்டுவுக்கு 60 ஜி.பி., சொந்தக் கோப்புகள் இருக்கும் அதன் ஹோம் கோப்புறைக்குத் தனியாக 200 ஜி.பி. ஒதுக்கியிருந்தேன். நான்கு ஆண்டுகளாக நான் பதிவுசெய்து வந்த பாட ஒலிப்பதிவுகள் முழுவதும் அந்த ஹோம் பார்ட்டிஷனில்தான் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதியில்தான்) இருந்தன. வேலை மாறியதால் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள்கள் தேவைப்பட்டன, சி டிரைவும் நிரம்பிவிட்டது. நானே செய்து ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் கணினியை ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். கோப்புகளை நகலெடுப்பதற்கென்று ஒரு வெளி டிரைவையும் கையில் கொடுத்து, "முதலில் ஹோமில் இருப்பதை இதில் எடுத்துவிட்டு, பிறகு உபுண்டுவை நீக்குங்கள்" என்று இரண்டு முறை சொன்னேன். "பத்து நிமிஷ வேலை சார், விட்டுட்டுப் போங்க" என்றார் அங்கே வேலை செய்பவர்.

மாலையில் தொலைபேசி வந்தது. "சார், உங்க ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. லினக்ஸை எடுக்கும்போதே சாகுற நிலைமையிலதான் இருந்துச்சு. டேட்டா எதுவும் எடுக்க முடியாது. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தரவா?" என்று கேட்டார். டிஸ்க் பழையது என்பதால் நம்பினேன். நான்கு ஆண்டு உழைப்பு போயிற்று என்ற கலக்கத்தில் மறு கேள்வி கேட்காமல் சம்மதித்தேன். மறுநாள் கணினியை வாங்கப் போனபோது பழைய டிஸ்க்கைக் கேட்டேன். "அது ஸ்கிராப் சார், நாங்களே போட்டுடுவோம்" என்றார். அது என்னுடையது, உயிரில்லாவிட்டாலும் எனக்கு வேண்டும் என்று நின்றேன். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ரசீதில் "ஹார்டு டிஸ்க் பழுது, மாற்றப்பட்டது" என்று ஒரே வரி. வெளி டிரைவைத் திறந்து பார்த்தால் காலியாக இருந்தது. ஒரு கோப்பைக்கூட அவர் எடுத்திருக்கவில்லை.

அன்றிரவு பழைய டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் பொருத்திப் புதிய விண்டோஸில் இணைத்தேன். இறந்த டிஸ்க் என்றார்களே, அது உடனே சுழன்றது. என் பழைய சி டிரைவ் வேறொரு எழுத்தோடு திறந்தது, கோப்புறைகள் எல்லாம் அப்படியே இருந்தன. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) பூஜ்யம், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் பூஜ்யம், நிலைமை "நன்று". ஆனால் உபுண்டுவின் இடமும் ஹோமின் இடமும் இருந்த பகுதி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் ஒதுக்கப்படாத வெற்றிடமாகக் கறுப்புப் பட்டையோடு நின்றது.

அடுத்துப் புதிய டிஸ்க்கில் அவர் நிறுவிய விண்டோஸில் கணினித் தகவல் காட்டும் எம்.எஸ்.இன்ஃபோ32 என்று தட்டிப் பார்த்தபோது, பயாஸ் மோடு என்ற வரியில் "லெகஸி" என்றிருந்தது, அதாவது கணினியைத் தொடங்கும் பழைய முறை. என் கணினி வாங்கிய நாளிலிருந்து யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில்தான் ஓடியது. இந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நடந்தது எனக்கு விளங்கிவிட்டது.

யு.இ.எஃப்.ஐ. கணினியில் தொடக்கக் கோப்புகள் எல்லாம் இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற, ஃபேட்32 கோப்பமைப்பு உள்ள சிறிய இடத்தில் இருக்கும். விண்டோஸ் தானாக உருவாக்கினால் அது பெரும்பாலும் 100 எம்.பி. அளவுதான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கோப்புறை, உபுண்டு என்று ஒரு கோப்புறை. கணினியைப் போட்டதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று நமக்குப் பட்டியல் காட்டும் கிரப் என்ற பூட்லோடரின் (தொடக்க நிரலின்) முதல் துண்டு இந்த உபுண்டு கோப்புறையில் இருக்கிறது. பட்டியலோ லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. அந்தப் பார்ட்டிஷனை மட்டும் விண்டோஸிலிருந்து அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், கிரப் எழுந்து தன் பட்டியலைத் தேடும், கிடைக்காமல் கறுப்புத் திரையில் தன் பெயரையும் ஓர் அம்புக்குறியையும் காட்டி நிற்கும். அந்த நிமிடத்திலும் விண்டோஸுக்கு எந்தச் சேதமும் இல்லை. பூட் மெனுவைத் திறந்து (பல கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தால் வழக்கம்போல் திறந்துவிடும்.

அவர் அதைச் செய்யவில்லை. பயாஸுக்குள் (கணினியின் தொடக்க அமைப்புகளுக்குள்) போய் லெகஸி முறைக்கு மாற்றியிருக்கிறார். லெகஸி முறை டிஸ்க்கின் முதல் செக்டரில் தொடக்க நிரலைத் தேடும், யு.இ.எஃப்.ஐ.க்காக ஜி.பி.டி. என்ற பகுப்பு முறையில் பிரிக்கப்பட்ட என் டிஸ்க்கில் அங்கே அப்படி எதுவும் இல்லை. ஆகவே தொடங்கக்கூடிய சாதனம் இல்லை என்று கணினி சொல்லியிருக்கும். அதையே டிஸ்க்கின் மரணச் செய்தியாக எனக்குச் சொல்லிவிட்டார். பழைய டிஸ்க்கைத் திரும்ப உள்ளே பொருத்தி, யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றி, எஃப்12 அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தேன். நான் கடைசியாக மூடி வைத்த அதே முகப்புத்திரை வந்தது.

தெரியாமல் பார்ட்டிஷனை அழித்ததை நான் மன்னித்திருப்பேன், அவசரத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான். ஒரு பரிசோதனைகூடச் செய்யாமல் நல்ல டிஸ்க்கை இறந்ததாகச் சொல்லி, அதன்மேல் புதியதை விற்று, பழையதையும் வைத்துக்கொள்ளப் பார்த்ததை மன்னிக்க முடியவில்லை. நான் அன்று நின்று கேட்காமல் வந்திருந்தால் என் ஒலிப்பதிவுகள் அந்த டிஸ்க்கோடு யாருடைய கைக்கோ போயிருக்கும்.

ஹோம் கோப்புகள் கிடைத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். பார்ட்டிஷனை அழிப்பது, டிஸ்க்கின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணையில் அதன் பெயர்ப்பதிவை நீக்குவது மட்டுமே; உள்ளே இருக்கும் கோப்புகள், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் நேரடி யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டி, அந்த டிஸ்க்கைத் தேர்ந்து, முதலில் விரைவுத் தேடல் கொடுத்தேன். அழிந்த இரண்டு லினக்ஸ் பார்ட்டிஷன்களும் தொடக்க எண், முடிவு எண்ணோடு பட்டியலில் வந்தன. ஹோமின் வரியில் நின்று "பி" விசையை அழுத்தியபோது என் கோப்புறைப் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அட்டவணையைத் திருத்தி எழுதும் துணிவு அப்போது எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் வெளி டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த நல்வாய்ப்பு சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குத்தான் அதிகம். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால், அழித்த இடத்தையோ ஃபார்மேட் செய்த இடத்தையோ விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் காலியென்று அறிவித்துவிடக்கூடும். அதன்பின் மீட்பது மிகக் கடினம். கணினியை உடனே அணைத்து வைப்பது அங்கே இன்னும் முக்கியம். டிஸ்க்கை இணைக்கும்போது "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. அதற்கு லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 கோப்பமைப்பைப் படிக்கத் தெரியாததால்தான் அப்படிக் கேட்கிறது.

சரியான முறையில் எல்லாமே வரிசையைப் பொறுத்தது. லினக்ஸில் உள்ள கோப்புகளை லினக்ஸுக்குள் இருந்தபடியே வெளியே எடுத்து, நகல்களைத் திறந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ சாதனக் குறியாக்கமோ இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். பூட் அமைப்பைத் தொட்டவுடன் கணினி அதைக் கேட்க வாய்ப்புண்டு. பிறகு பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, கிரப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் திறக்கிறதா என்று இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். இது உறுதியான பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழிக்கலாம். அங்கே அவை கோப்பமைப்பின் பெயரோ டிரைவ் எழுத்தோ இல்லாமல் தெரியும், காலி என்று ஏமாறுவது எளிது. லினக்ஸில் குறித்து வைத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷனை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. அதிலுள்ள உபுண்டு கோப்புறையை மட்டும் நிர்வாகி அனுமதியோடு நீக்கினால் போதும், அதை அப்படியே விட்டுவைத்தாலும் கெடுதல் இல்லை.

காலியான இடம் சி டிரைவுக்கு வலப்பக்கத்தில் ஒட்டியிருந்தால்தான் விண்டோஸ் சி டிரைவை அதற்குள் நீட்டித்துத் தரும். நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று குறுக்கே நின்றால், அதை நகர்த்தப் போராடுவதைவிட அந்த இடத்தில் புதிய டிரைவ் ஒன்றை உருவாக்கிக்கொள்வது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பழைய, லெகஸி முறைக் கணினியாக இருந்தால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கிரப்பின் முதல் துண்டு 512 பைட் அளவுள்ள முதல் செக்டரில் உட்கார்ந்திருப்பதால், அழிக்கும் முன்பே விண்டோஸ் நிறுவல் யு.எஸ்.பி.யிலிருந்து மீட்புச் சூழலுக்குள் போய், பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர் மூலம் விண்டோஸின் நிரலை அங்கே எழுதிவிட வேண்டும். மறந்துவிட்டு "கிரப் ரெஸ்க்யூ" என்ற திரையில் போய் நின்றாலும், பிறகும் அதே கட்டளையால் சரிசெய்யலாம். டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, ஃபார்மேட்டும் செய்ய வேண்டியதில்லை.

வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கணினி யு.இ.எஃப்.ஐ.யா லெகஸியா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், எந்தெந்தப் பார்ட்டிஷனை அழிக்கப்போகிறார் என்று காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். டிஸ்க் பழுது என்றால் ஸ்மார்ட் பதிவின் திரையைக் காட்டும்வரை எதற்கும் சம்மதிக்காதீர்கள். மாற்றிய பாகம் உங்களிடம் திரும்ப வரும் என்று கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி அங்கே போனேன். "சாஃப்ட்வேர் காட்டினதைத்தான் சொன்னேன் சார்" என்றார் வேலை செய்தவர். எந்த மென்பொருள், இப்போது என் கண்முன் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன், பதில் இல்லை. உரிமையாளர் வந்து, பழைய டிஸ்க்கில் விண்டோஸ் திறப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு, புதிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அதன் விலையைத் திருப்பிக் கொடுத்தார். வேலைக்கூலியைத் தரவில்லை. ரசீதில் உள்ள அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். அதற்கு மட்டும் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.