காமினோவா, ஷிக்கோக்குவா? இரண்டு செலவு நோட்டுகள்

எங்கள் வீட்டில் இரண்டு சின்ன நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. 2024 செப்டம்பர், அக்டோபரில் காமினோ பிரான்சேஸ் பாதையில் நடந்தபோது எழுதியது. பிரான்சின் எல்லையோர ஊரான சாங்-ஜானில் கிளம்பி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயின் முழுக்க நடந்து சந்தியாகோ தே கோம்போஸ்டெலா போய்ச் சேரும் பாதை. சுமார் 780 கி.மீ. மற்றது அக்காவுடையது. ஜப்பானின் ஷிக்கோக்கு தீவில் கோபோ தைஷி என்ற புத்தத் துறவியின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை. ஏறக்குறைய 1,200 கி.மீ. 2025 மார்ச்சில் தொடங்கி மே முதல் வாரத்தில் முடித்தாள்.

இரண்டில் எது மலிவு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: காமினோதான். ஆனால் எவ்வளவு மலிவு, எந்த இடத்தில் மலிவு என்று பார்த்தால்தான் நம் கைக்கு எது அடங்கும் என்பது தெரியும். கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய், ஒரு யென் 60 காசு என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும் நேரத்து மதிப்பைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு 33 நாள் ஆனது. படுக்கைக்கு 455 யூரோ, சாப்பாட்டுக்கு 760, துணி துவைப்பது, மருந்து, சில்லறைச் செலவெல்லாம் சேர்த்து 120. மொத்தம் 1,335 யூரோ. நாளுக்கு 40 யூரோ, அதாவது 4,000 ரூபாய்.

அக்காவுக்கு 46 நாள். தங்க 3,02,000 யென் (இதில் பல இரவுகளில் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்தி), மற்ற சாப்பாடு 65,000, கோயில் முத்திரைகள் 44,000, யாத்திரை உடை, கோல் முதலியவை 15,000, காணிக்கை, ஊதுவத்தி, மெழுகுவத்தி, சில்லறை 19,000. மொத்தம் 4,45,000 யென். நாளுக்கு 5,800 ரூபாய் வருகிறது. மொத்தத் தொகை என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

விமான டிக்கெட் இரண்டிலும் சேர்க்கவில்லை. அது எந்த மாதம், எத்தனை நாள் முன்னால் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

படுக்கை

வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. காமினோவில் யாத்ரீகர்களுக்கென்றே அல்பெர்கே எனும் விடுதிகள் உண்டு. அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். பாதையின் கடைசிப் பகுதியான கலீசியா மாநில அரசின் அல்பெர்கேகளில் 10 யூரோ. தனியாருடையவை 12 முதல் 20 வரை. யாத்ரீகர் அட்டையான கிரெடென்சியல் கையில் இருக்க வேண்டும், அதன் விலை சில யூரோதான். முக்கியமான விஷயம், பெரும்பாலான இடங்களில் ஐந்து, பத்து கி.மீ.க்கு ஒரு ஊர் வந்துவிடும், அங்கே ஒரு படுக்கையும் இருக்கும். முழங்கால் வலித்தால் நின்றுவிடலாம். கையில் காசு குறைந்தால் அன்றைக்கு அரசு விடுதி, சமையல். ஒரு நாள் தனி அறையில் தூங்கியே ஆக வேண்டும் என்றால் 45 யூரோ கொடுத்துத் தூங்கிவிட்டு, அடுத்த மூன்று நாளில் அதைச் சரிக்கட்டலாம். வழியில் வரும் லியோன் நகரில் நான் அப்படித்தான் செய்தேன்.

ஷிக்கோக்குவில் அந்த வசதி இல்லை. அங்கே வழக்கமான தங்குமிடம் மின்ஷுகு, அதாவது குடும்பம் நடத்தும் சிறு விடுதி. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து அக்காவுக்குச் சராசரி 8,500 யென் ஆனது. அப்படி 24 இரவுகள். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் என்றால் 5,000 வாக்கில் கிடைத்தது, அது 18 இரவுகள். ஒரு நாளாவது முன்னால் தொலைபேசியில் சொல்லி வைக்க வேண்டும், பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். சொன்ன பிறகு கடைசி நேரத்தில் மாற்றுவது மரியாதையில்லை, அவர்கள் நமக்காக மீன் வாங்கிச் சமைத்திருப்பார்கள். விடுதி நடத்துபவர்களுக்கு வயதாகி, பல மின்ஷுகுகள் மூடிவிட்டன. 23-ஆம் கோயிலான யாகுஓஜிக்கும் 24-க்கும் நடுவே சுமார் 75 கி.மீ. கடலோரச் சாலை. 37-க்கும் 38-க்கும் இடையே 80 கி.மீ.க்கு மேல். அங்கெல்லாம் எந்த விடுதியில் இடம் இருக்கிறதோ அதுதான் அன்றைய விலை. போதாததற்கு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் விடுமுறை வாரத்தில் அக்காவின் கடைசி நாட்கள் மாட்டிக்கொண்டன. ஊரே பயணத்தில் இருக்கும் வாரம் அது.

கூடாரம் எடுத்துப்போய் ஷிக்கோக்குவைப் பாதிச் செலவில் முடிப்பவர்கள் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் தனியாக நடந்த அக்காவுக்கு அது சரிப்படவில்லை. கூடாரம் தூக்குவதென்றால் பையின் எடையும் ஏறும்.

முத்திரை

காமினோவில் முத்திரை இலவசம். தேவாலயம், விடுதி, காபிக் கடை எல்லா இடத்திலும் கிரெடென்சியலில் குத்துவார்கள். கடைசியில் தரும் கோம்போஸ்டெலா சான்றிதழும் இலவசம்தான். நடந்த தூரத்தைக் குறித்துத் தரும் தனிச் சான்றிதழுக்கு மட்டும் 3 யூரோ.

ஷிக்கோக்குவில் ஒவ்வொரு கோயிலிலும் நம் முத்திரைப் புத்தகத்தில் மூன்று சிவப்பு முத்திரை குத்தி, அதன்மேல் தூரிகையால் கறுப்பு மையில் எழுதித் தருகிறார்கள். 2024 ஏப்ரல் முதல் ஒரு கோயிலுக்கு 500 யென். அதற்கு முன் 300 இருந்தது. பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டம் போட்டால் இங்கேயே 17,600 யென் இடிக்கும். எல்லாம் ரொக்கம்தான். அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். பத்து நிமிடம் தாமதமானால் முத்திரைக்காக இன்னொரு இரவு தங்க வேண்டிவரும், அதற்கு ஒரு விடுதிச் செலவு. அக்காவுக்கு இப்படி ஒரு முறை ஆனது. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் இந்த 44,000-ஐப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கும் பார்க்கப் பார்க்க அப்படித்தான் தோன்றுகிறது.

சாப்பாடு, அதுவும் சைவம்

நாங்கள் இருவரும் சைவம், அதனால் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. காமினோவில் யாத்ரீகர் மெனு என்று 12 முதல் 16 யூரோவுக்கு மூன்று வகைச் சாப்பாடு, ரொட்டி, ஒயினுடன் தருவார்கள். சாலட் என்றால் மேலே சூரைமீன் இருக்கும், பருப்பு சூப்பில் சொரிசோ எனும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் தோர்த்தியா எனும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டை வைத்தே ஓட்டிவிடலாம். நான் வாரத்தில் நான்கு நாள் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, கொண்டைக்கடலை, தக்காளி வாங்கி விடுதியிலேயே சமைத்தேன். நான்கைந்து பேர் சேர்ந்தால் தலைக்கு 4 யூரோவில் முடிந்துவிடும். கலீசியாவுக்குள் நுழைந்ததும் இந்த வழி அடைபடும். அரசு விடுதிகளில் அடுப்பு இருக்கும், பாத்திரம் பெரும்பாலும் இருக்காது. ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் பையில் இருந்தால் அது தன் விலையை இரண்டு இரவில் திருப்பித் தந்துவிடும்.

ஜப்பானில் சைவம் இன்னும் கஷ்டம். காய்கறி மட்டும் போட்ட குழம்பானாலும் அடியில் மீன் சாறு இருக்கும். ககாவா பகுதியின் உதோன் நூடுல்ஸ் மிக மலிவு, ஆனால் அந்தச் சாறு நெத்திலிக் கருவாட்டில் காய்ச்சியது. கோயில் விடுதிகளில்கூட மீன் பரிமாறுகிறார்கள். இரண்டு வேளைக்குப் பணம் கட்டியும் சோறும் ஊறுகாயும் மட்டும் சாப்பிட்டு எழுந்த இரவுகள் அக்காவின் நோட்டில் இருக்கின்றன. கண்டிப்பான சைவம் என்றால் அறை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைகளில் கடல்பாசி அல்லது உமேபோஷி எனும் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, தோஃபு, பழம் என்று போவதே வயிற்றுக்கும் காசுக்கும் நல்லது.

இலவசம் என்று எழுதாதீர்கள்

இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். இரண்டு பாதைகளிலும் விலை போடாத இரவுகள் உண்டு. காமினோவில் டொனாட்டிவோ என்ற அல்பெர்கேகளில் கட்டணம் கிடையாது, ஒரு பெட்டி இருக்கும். கிரான்யோன் ஊரில் தேவாலயத்தோடு சேர்ந்த விடுதியில் அந்தப் பெட்டி திறந்தே கிடக்கும். முடிந்ததைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். தரையில் பாய், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. நான் போன முதல் டொனாட்டிவோவில் 5 யூரோ போட்டுவிட்டு, இன்றைக்கு 20 யூரோ மிச்சம் என்று நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது: அவர் தன் விடுமுறையில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வந்திருக்கிறார். முந்தின இரவு நான் சாப்பிட்ட சூப், அதற்கு முந்தின நாள் வந்தவர்கள் போட்ட காசில் வாங்கியது. அந்த வரியை அடித்துவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு டொனாட்டிவோ இரவுக்கும் 20 யூரோ எழுதினேன். உண்மையிலேயே கையில் இல்லாதவர்களுக்கு அந்தப் பெட்டி. என்னிடம் இருந்தது.

ஷிக்கோக்குவில் இதை ஒசெத்தாய் என்கிறார்கள். வெள்ளை மேலாடையும் கோரைத் தொப்பியும் கோலுமாக நடப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் வழியில் நிறுத்திக் கொடுப்பது. ஆரஞ்சு, தேநீர், கையால் தைத்த சின்னப் பை, சில சமயம் 500 யென் நாணயம். மறுக்கக் கூடாது. யாத்ரீகரோடு கோபோ தைஷியும் நடக்கிறார் என்பது நம்பிக்கை, கொடுப்பது அவருக்கும் சேர்த்துத்தான். பதிலுக்கு நம் பெயர் எழுதிய ஒசாமேஃபுதா என்ற காகிதச் சீட்டைத் தர வேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் இரண்டு மண்டபத்தில் ஒவ்வொன்று போட்டாலே 176 ஆகிவிடும், அதனால் 200-க்குக் குறையாமல் வாங்குங்கள். மிகவும் மலிவுதான். இலவசமாகத் தங்க இடம் கொடுப்பவர்களும் உண்டு. அக்கா அப்படி 4 இரவு தங்கினாள். மேலே சொன்ன தங்கும் செலவில் அந்த இரவுகளுக்கென்று 8,000 யென் இருக்கிறது. உண்டியல் இருந்த இடத்தில் உண்டியலில் போட்டாள், இல்லாத இடத்தில் அந்த ஊர்க் கடையிலேயே சாமான் வாங்கினாள். இந்த வரவை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது என்று அவள் அழுத்திச் சொல்கிறாள். "வந்தா கும்பிட்டு வாங்கிக்கணும்டா, கணக்குல மட்டும் சேக்கக் கூடாது."

நாள் குறைவாக இருந்தால்

சாரியாவிலிருந்து கடைசி 115 கி.மீ. மட்டும் நடந்தாலும் கோம்போஸ்டெலா கிடைக்கும், ஐந்தாறு நாள் போதும். அதனால் அதுதான் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். விமானம் 70,000 ரூபாய் என்று வையுங்கள். 33 நாள் நடந்தால் நாளுக்கு 2,100 சொச்சம், 6 நாள் நடந்தால் 11,700. விசா கட்டணம் 90 யூரோவும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எப்படியும் உண்டு. இரண்டு வாரம் கிடைக்கும் என்றால் லியோனிலிருந்து தொடங்குங்கள், சுமார் 310 கி.மீ. அல்லது போர்ச்சுகலின் போர்த்தோவிலிருந்து வரும் 240 கி.மீ. பாதை, அது 12 நாள். ஷிக்கோக்கு ஆசை இருந்து பணம் போதவில்லை என்றால் தோக்குஷிமா பகுதியின் முதல் 23 கோயில்கள் மட்டும். முத்திரைக்கு 11,500 யென்தான். ஒவ்வொரு பகுதியாக, வெவ்வேறு வருடங்களில் முடிப்பது அங்கே வழக்கமானதே.

முதல் தடவை வெளிநாட்டில் நடப்பவர், ஒன்றரை லட்சமும் டிக்கெட்டும்தான் கையில் என்றால், காமினோ பிரான்சேஸ் முழுதாக. தயங்காமல் சொல்வேன். வழியில் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள இடம் தரும் பாதை அது. ஷிக்கோக்குவுக்கு மூன்று லட்சத்துக்குக் குறைந்து கிளம்ப வேண்டாம், உங்கள் நாட்களுக்கு விசா காலம் போதுமா என்றும் முதலிலேயே பாருங்கள். 2027-இல் புனித யாக்கோபுவின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அதனால் அது சந்தியாகோவுக்குப் புனித ஆண்டு. அந்தக் கோடையில் 10 யூரோ படுக்கைகள் மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். படுக்கைக் கணக்கை நாளுக்கு 20 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா இப்போது மூன்றாவது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள், காமினோவுக்கு. முதல் பக்கத்தில் டிக்கெட், விசா எதுவும் இன்னும் எழுதவில்லை. "டொனாட்டிவோ, 8 இரவு, 200 யூரோ" என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.